இரண்டு கட்டை கீழே

என் எலக்ட்ரிக் பியானோவின் இடது ஓரத்தில் ஒரு சின்னப் பட்டன் இருந்தது. ஒரு தடவை அழுத்தினால் சுருதி அரைக் கட்டை இறங்கும். வாசிக்கிற விரல்கள் பழைய இடத்திலேயே ஓடும், கேட்கிற ஒலி மட்டும் தாழ்ந்து வரும். பக்கத்தில் நின்று என் கையையே பார்த்துக்கொண்டிருப்பவருக்கும் ஒன்றும் தெரியாது. அந்தப் பட்டனால் ஆறு வருஷம் நல்ல பெயர் வாங்கினேன், ஒரே வாரத்தில் அதைத் தொலைக்கப் பார்த்தேன்.

போன மாதம் தோஹாவில் ஒரு ஹோட்டலில் வாசிக்கும் தம்பி ஒருவர் போனில் கேட்டார். "சார், எங்க பாடகருக்கு மேல எட்ட மாட்டேங்குது. இப்ப லேப்டாப்பே எல்லாத்தையும் சரி பண்ணிடுது. அவர்கிட்ட சொல்லிட்டுச் செய்யணுமா, சொல்லாமலே செஞ்சிடலாமா?" ஒரு வரியில் பதில் சொல்லத் தெரியவில்லை. எழுதி அனுப்புகிறேன் என்றேன். எழுத உட்கார்ந்தால் இவ்வளவு நீளம் போகிறது, அவர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் விருதுநகர்க்காரன். பஜனை மடத்து ஆர்மோனியத்தில் ஆரம்பித்து, மதுரையில் ஒரு மெல்லிசைக் குழுவில் பதினோரு வருஷம் கீபோர்டு வாசித்தேன். கல்யாண வீடு, கோயில் திருவிழா, கட்சிக் கூட்டம், எல்லாம்தான். அங்கே ஒரு வழக்கம் உண்டு. புதுப் பாடகர் வந்தால் முதல் கேள்வி, "எந்தக் கட்டை?" பழைய பாடகரிடம் அதைக் கேட்க மாட்டோம். அவருக்குத் தொண்டை கட்டியிருக்கிறது என்று பேச்சிலேயே தெரிந்துவிடும். நாமே ஒரு கட்டை இறக்கிவிடுவோம். பாடி முடித்ததும் அவர் நம் தோளைத் தட்டிவிட்டு இறங்கிப் போவார். 'இறக்கவா' என்று கேட்பது, பந்தியில் உட்கார்ந்தவரிடம் 'பசிக்கிறதா' என்று கேட்கிற மாதிரி. இந்த மரியாதையை நான் பெட்டியில் சட்டையோடு மடித்து வைத்துத் துபாய்க்குக் கொண்டுபோனேன்.

துபாயில் க்ரீக் என்கிற கடற்கழிப் பக்கம் ஒரு பழைய ஹோட்டல். அதன் முதல் மாடி லவுஞ்சில் நாங்கள் இரண்டு பேர். பியானோ நான். டபுள் பேஸ், அதாவது ஆளுயரத்துக்கு நிற்கும் அந்த நாலு நரம்பு வாத்தியம், செல்வநாதன் அண்ணன். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். கொழும்பு ஹோட்டல்களில் வாசித்துவிட்டு எனக்குப் பத்து வருஷம் முன்பே வளைகுடாவுக்கு வந்தவர். சம்பளம் இரண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனாலும் அவர்தான் மேலதிகாரி என்பதில் எங்கள் இருவருக்கும் சந்தேகமே இருந்ததில்லை.

அவருடைய சட்டதிட்டங்களைச் சொன்னால் சிரிப்பு வரும். ஆறு மணிக்கு வாசிப்பு என்றால் ஐந்தே காலுக்கு வாத்தியத்தைத் துடைக்க வேண்டும். பியானோ மேல் டீ கிளாஸ் வைக்கக் கூடாது. பாட்டுத் தாள்களை அன்றைய வரிசைப்படி அடுக்கி, மூலையை மடிக்காமல் வைக்க வேண்டும். விருந்தாளி யாராவது கை தட்டினால் பாதித் தலை மட்டும் குனிய வேண்டும், முழுத் தலை பாடுகிறவருக்கு உரியது. அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. தப்பு வாசித்தால் அந்தப் பாட்டு முடியும்வரை என் பக்கம் திரும்பவே மாட்டார். முடிந்ததும் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "ஐசே கணேசன், நீர் எங்கை போயிட்டு வந்தனீர்?" என்று கேட்பார். அவ்வளவுதான். அதற்கு இரண்டு அறை வாங்கியிருக்கலாம் என்று தோன்றும். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன நோட்டு. ஒத்திகையில் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும் நோட்டில் ஏதோ குறிப்பதும் அவர் வழக்கம். அதை நான் எட்டிப் பார்த்ததில்லை.

ஐரிஸ் மேடம் எங்களிடம் வந்தது இரண்டாயிரத்தின் கடைசியில். மேடையில் அவருக்கு வேறு பெயர், அதை இங்கே விட்டுவிடுகிறேன். எழுபதை ஒட்டிய வயது. இங்கிலாந்தில் வடக்கே ஒரு துறைமுக ஊரில் மீன் வியாபாரியின் மகள். பதினாறு வயதில் நடனக் கச்சேரிக் குழுவோடு பாடப் போனவர். இருபத்து மூன்றாம் வயதில் அவர் பாடிய ஒரு பாட்டு, கப்பல் திரும்பி வருவதற்காகக் காத்திருக்கும் பெண்ணின் பாட்டு, அந்த நாட்டில் ஒலிக்காத வீடு இல்லையாம். ரேடியோ, இசைத்தட்டு, கடற்கரை ஊர்களில் கோடைக் கச்சேரி என்று ஏழெட்டு வருஷம் ராணி மாதிரி இருந்திருக்கிறார். பிறகு கிதார் பையன்கள் வந்தார்கள். "ஒரே ஒரு கோடை, கணேஷ். போன வருஷம் என் பேர் போஸ்டரில் மேலே இருந்தது. அடுத்த வருஷம் போஸ்டரே இல்லை" என்பார். சொல்லும்போது வருத்தம் இருக்காது. அதற்கப்புறம் உல்லாசக் கப்பல்களில் பாடினார். மகன் அபுதாபியில் எண்ணெய்க் கம்பெனி வேலைக்கு வந்ததும் அவரும் வந்து சேர்ந்தார். அவரோடு நான் பேசியது ஆங்கிலத்தில், அவர் திருத்துகிற ஆங்கிலத்தில். இங்கே எனக்கு வருகிற தமிழில் எழுதுகிறேன்.

புதன், வியாழன் இரண்டு மாலையும் லவுஞ்ச் நிறைந்துவிடும். வெள்ளைக்காரப் பொறியாளர்கள், வங்கிக்காரர்கள், அவர்களைப் பார்க்க ஊரிலிருந்து வந்த அப்பா அம்மாக்கள். அந்த அப்பா அம்மாக்களுக்குத்தான் ஐரிஸ் யார் என்று தெரியும். கடைசிப் பாட்டு எப்போதும் கப்பல் பாட்டு. அதற்கு முன்னால் ஒரு ஜோக் சொல்வார், வாரம் தவறாமல் அதே ஜோக். "என் இடுப்பு போய்விட்டது. இரண்டு கணவர்களும் போய்விட்டார்கள். ஆனால் இருபத்து மூன்று வயதில் பாடிய அதே சுருதியில்தான் இன்றைக்கும் பாடுகிறேன்." கைதட்டல் பறக்கும். பிறகு பாட்டு. அதன் கடைசி வரி மேலே ஏறிப் போய் ஓர் இடத்தில் நிற்கும். அங்கே நிற்கும்போது அவர் ஒரு கையைப் பியானோ மேல் வைத்துக்கொள்வார்.

வந்த நாலாவது மாதம் ஒரு புதன்கிழமை அந்த இடத்தில் குரல் லேசாகப் பிசிறடித்தது. மற்றவர்கள் கவனித்திருக்க மாட்டார்கள். ஆனால் பியானோ மேலிருந்த கை இறுகியதை நான் பார்த்தேன். எனக்குள் இருந்த மதுரைக்காரன் விழித்துக்கொண்டான். மறுநாள் அந்தப் பாட்டுக்கு முன்னால் பட்டனை ஒரு தடவை அழுத்தினேன். கடைசி வரி வெண்ணெய் மாதிரி போயிற்று. மேடம் என் தோளைத் தட்டிவிட்டு இறங்கினார். எனக்கு ஊர்த் திருவிழா ஞாபகம் வந்துவிட்டது. அவருக்குத் தெரியும், தெரிந்துதான் தட்டினார் என்றே அன்றைக்கு நினைத்தேன்.

பேஸ்காரருக்குத் தெரியாமல் சுருதியை இறக்க முடியாது. இரண்டும் இரண்டு ஊரில் போய் நிற்கும். அன்று பாட்டுத் தொடங்கும் முன் நான் காட்டிய ஜாடையில் செல்வநாதன் அண்ணன் எப்படியோ சமாளித்துவிட்டார். முடிந்ததும் கைக்குட்டை வந்தது.

"இறக்குறதெண்டால் முதலே எனக்குச் சொல்லும். பாட்டுத் துவங்கேக்குள்ளை கண்ணைக் காட்டுறதில்லை."

"சரிண்ணே."

"அவவுக்குச் சொன்னனீரோ?"

"அவங்களுக்கே தெரியும்ணே. தோளைத் தட்டினாங்களே."

"அவவுக்குச் சொல்லுறது உம்மடை வேலை. நான் அதுக்குள்ளை வரமாட்டன்" என்று நோட்டை எடுத்து ஏதோ எழுதிக்கொண்டார்.

மேடத்துக்குத் தெரியவில்லை என்பது எனக்குப் புரிய ஆறு மாதம் ஆயிற்று. ஒரு நாள் பத்திரிகைக்காரப் பெண் ஒருத்தி பேட்டி எடுக்க வந்தபோது, ஜோக்காக இல்லாமல், கண் கலங்க அதையே சொன்னார். "எல்லாம் போன பிறகும் சுருதி என்னோடு இருக்கிறது. அதனால்தான் இன்னும் மேடை ஏறுகிறேன்." அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறக்கவில்லை. அடுத்த வருஷம் இன்னொரு அரைக் கட்டை. பிறகு இன்னொன்று. தினமும் கண்ணாடி பார்க்கிறவருக்குத் தலை நரைப்பது தெரிவதில்லை, அப்படித்தான் போயிற்று. ஆறாவது வருஷம் நாலு அழுத்து அழுத்திக்கொண்டிருந்தேன். இரண்டு கட்டை கீழே.

நாங்கள் துபாய்க்கு வெளியே அஜ்மானில் குடியிருந்தோம், வாடகை குறைவு என்பதற்காக. மதியம் இரண்டு மணிக்கே நாலு பேர் சேர்ந்து ஒரு காரில் கிளம்பினால்தான் நாலு மணி ஒத்திகைக்குத் துபாய் வந்து சேர முடியும். காலையில் விரல்கள் மரத்துப்போய்க் கிடக்கும். காரில் ஏசி நேராகக் கையில் அடிக்கிறது என்று அதன் மேல் பழியைப் போட்டேன். என் மனைவி சரோஜா நல்லெண்ணெயைச் சூடாக்கி நீவி விடுவாள். ஊறுகாய்ப் பாட்டில் மூடியை நான் திறக்க முயல்வதைப் பார்த்து, "குடுங்க இப்படி" என்று வாங்கிக்கொள்வாள். ஒரு தடவை ஒத்திகையில் தண்ணீர் பாட்டில் மூடியோடு நான் மல்லுக்கட்டியபோது ஐரிஸ் மேடம் வந்து, பேசிக்கொண்டே அதை என் கையிலிருந்து எடுத்து, திறந்து, திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். நான் அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

வியாழன் வெள்ளியாக இருந்த அரசாங்க விடுமுறை வெள்ளி சனியாக மாறிய வருஷம் அது. அல் ஐனில் ஒரு ஹோட்டல், தோட்டத்தில் பெரிய கச்சேரி ஒன்றுக்கு மேடத்தை அழைத்தது. இங்கிலாந்திலிருந்து ஐந்து பேர் கொண்ட குழு வருகிறது. டிரம்பெட், சாக்ஸபோன், டிரம்ஸ் எல்லாம். எங்கள் இருவரையும் சேர்த்தால் ஏழு. மேடம் குழந்தை மாதிரி குதித்தார். லண்டனில் தோழி வீட்டுப் பரணில் கிடந்த பழைய பெட்டியை வரவழைத்தார். அந்தக் காலத்துப் பாட்டுத் தாள்கள், ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனியே, மசியால் எழுதியவை. "எல்லாம் அதே சுருதியில். ஒரு புள்ளி மாற்ற வேண்டியதில்லை" என்றார்.

அங்கே ஹோட்டலில் இருப்பது நிஜப் பியானோ. அதற்குப் பட்டன் கிடையாது.

அந்தப் பழைய சுருதியில், நூற்றுக்கணக்கான பேர் முன்னால், ஐந்து வாத்தியங்கள் சேர்ந்து வாசிக்க, கடைசி வரியில் அவர் கை வைக்கும் இடத்தில் குரல் உடைந்துபோகும். அவரை அங்கே கொண்டுபோய் நிறுத்தப் போவது நான். முதலில் என் புத்தி குறுக்கு வழிக்குத்தான் போனது. கப்பல் பாட்டின் எல்லாத் தாளையும் இரண்டு கட்டை கீழே எழுதி, அந்தக் குழுத் தலைவரிடம் ரகசியமாகக் கொடுத்துவிடலாம் என்று செல்வநாதன் அண்ணனிடம் யோசனை சொன்னேன்.

"ஏழு பேர் சேந்து ஒரு மனுசியை ஏமாத்துறதோ? ஒராள் செய்தது காணாதே?" என்றார். கைக்குட்டையைக்கூட எடுக்கவில்லை.

வீட்டில் சரோஜாவிடம் சொன்னேன். அவள் பக்கம் கொஞ்சம் ஆறுதல் கிடைக்கும் என்று பார்த்தேன். "ஏங்க, வாராவாரம் அவங்க அந்த ஜோக்கைச் சொல்றப்ப நீங்க பக்கத்துல உக்காந்து சிரிச்சிக்கிட்டுதான இருந்தீங்க?" என்றாள். ஆமாம், சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

கச்சேரிக்குப் பத்து நாள் முன்பு, ஒத்திகைக்கு மேடம் வந்ததும், உட்காரும் முன்பே சொல்லிவிட்டேன். பட்டனைக் காட்டினேன். என் ஊர் வழக்கத்தைச் சொன்னேன். அது உளறலாக எனக்கே கேட்டது.

"எவ்வளவு?" என்றார்.

"நாலு அரைக் கட்டை, மேடம்."

"பூஜ்யத்தில் வை."

வைத்தேன். கப்பல் பாட்டைத் தொடங்கினேன். முதல் வரியிலேயே அவர் முகம் மாறியது. கடைசி வரியில் குரல் உடைந்தது. "மறுபடி" என்றார். மறுபடியும் உடைந்தது. மூன்றாவது தடவை அந்த இடத்தில் குரலே வரவில்லை, காற்று மட்டும் வந்தது. காலியான லவுஞ்சில் ஒருவர் மேசை துடைத்துக்கொண்டிருந்தார், அவரும் நிறுத்திவிட்டார். மேடம் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"குரல் இறங்கியதற்கு நான் வருத்தப்படவில்லை. எழுபத்தைந்து வயது எனக்கு. ஆறு வருஷமாக வாரத்துக்கு இரண்டு நாள் என்னை அந்தப் பொய்யைச் சொல்ல வைத்தாயே, கணேஷ். நான் பொய் சொல்கிறவள் இல்லை."

கைப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்த வாரம் புதனும் வியாழனும் உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பினார். அல் ஐன் கச்சேரி நடக்குமா என்று ஹோட்டல் மேனேஜர் என்னைக் கேட்டார். எனக்கு என்ன தெரியும்? அவர் இனி மேடையே ஏறாவிட்டால் அதற்கு நான்தான் காரணம் என்பது மட்டும் தெரிந்தது. பெற்ற தாயிடம் பொய் சொல்லி மாட்டிக்கொண்டபோதுகூட நான் அப்படிக் கூசியதில்லை.

சனிக்கிழமை நாலு மணிக்கு வந்தார். ஒரு கையில் பழைய பெட்டி, இன்னொரு கையில் ஒரு சிவப்புப் பென்சில். கப்பல் பாட்டின் ஏழு தாள்களிலும் மேலே இருந்த சுருதியைத் தன் கையால் அடித்து, புதியதை எழுதினார். ஒவ்வொன்றிலும் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். "இப்போது இதை நகல் எடு. இரண்டு கட்டை கீழே. சோம்பேறித்தனமாக எழுதாதே" என்றார். மூன்று பகல் எழுதினேன். விரல் வலித்தது. வாழ்நாளில் அவ்வளவு அழகாக நான் எழுதியதில்லை.

இத்தோடு முடிந்திருந்தால் இது என் தப்பைப் பற்றிய கதையாகவே இருந்திருக்கும்.

அல் ஐன் ஹோட்டலில் கச்சேரிக்கு முன்தினம் காலை ஒத்திகை. கப்பல் பாட்டு நன்றாக வந்தது. அடுத்து ஒரு துள்ளல் பாட்டு, நாங்கள் வாரம்தோறும் வாசிப்பதுதான். நடுவில் பியானோவுக்குத் தனியாக ஒரு ஓட்டம் உண்டு. எங்கள் லவுஞ்சில் மேடம் விரலைச் சொடுக்கித்தான் வேகம் கொடுப்பார். இங்கே குழுத் தலைவர், டிரம்பெட் வாசிக்கும் தடித்த மனிதர், பழைய தாளில் போட்டிருந்த வேகத்தில் ஒன்று இரண்டு எண்ணிவிட்டார்.

நான் பின்தங்கினேன். முதல் தடவை பியானோ புதிது என்று நினைத்தேன். மறுபடி தொடங்கினார்கள். தனி ஓட்டம் வந்தபோது என் வலது கையின் கடைசி இரண்டு விரல்களும் வர மறுத்துவிட்டன. நாலைந்து சுரம் தரையில் கொட்டின. ஆறு பேரும் வாசிப்பை நிறுத்தி என்னைப் பார்த்தார்கள். வாரம்தோறும் வாசிக்கிற பாட்டு.

ஐரிஸ் மேடம் குழுத் தலைவர் பக்கம் திரும்பினார். "அது என் வேகம் இல்லை. மூச்சு வாங்குகிறது எனக்கு. இதுதான் என் வேகம்" என்று விரலைச் சொடுக்கினார். நிதானமாக. பழகிய அந்தச் சொடுக்கு. என் விரல்கள் தாமாக ஓடின, ஒரு சுரம்கூடத் தவறவில்லை. ஆனால் அவருக்கு மூச்சு வாங்கவில்லை என்று எனக்குத் தெரியும். சற்று முன் அந்த வேகத்திலேயே இரண்டு தடவை அவர் தன் பங்கைச் சிரித்துக்கொண்டே பாடியதைக் கேட்டவன் நான்.

திரும்பி செல்வநாதன் அண்ணனைப் பார்த்தேன். அவர் வாத்தியத்தின் முறுக்காணியை அக்கறையாகத் திருகிக்கொண்டிருந்தார்.

டீ நேரத்தில் அவரைப் பிடித்தேன். "அண்ணே, இது எத்தனை நாளா நடக்குது?"

அவர் நோட்டை எடுத்து என்னிடம் நீட்டினார். "பாரும். நான் ஒண்டும் கதைக்கேல்லை."

ஒவ்வொரு பாட்டின் பெயருக்கு எதிரிலும் இரண்டு வரிசை. ஒன்றில் சுருதி, நான் இறக்க இறக்க அவர் குறித்தது. இன்னொன்றில் வேகம், நிமிஷத்துக்கு எத்தனை தட்டு என்று. துள்ளல் பாட்டு நூற்றுத் தொண்ணூறில் ஆரம்பித்து, நூற்று எண்பது, எழுபது என்று இறங்கி, நூற்று ஐம்பதுக்குப் பக்கத்தில் நின்றது. முதல் இறக்கம் மூன்று வருஷத்துக்கு முன்னால். என் தண்ணீர் பாட்டிலை மேடம் திறந்து கொடுத்தது அந்த மாதம்தான். அலுத்துவிட்டது என்று அவர் பட்டியலிலிருந்து எடுத்த இரண்டு வேகப் பாட்டுகளும் அதற்கப்புறம் போனவைதான். வயதாகிறது, வேகம் தாங்கவில்லை என்று நான் அவருக்காகப் பரிதாபப்பட்டிருக்கிறேன்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேண்ணே."

"அதைத்தான் அவவும் என்னட்டைக் கேட்டவ, போன கிழமை. ரெண்டு பேருக்கும் நடுவிலை நிண்டு என்ரை முதுகு போச்சு."

மேடம் ஜன்னலோரம் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். நான் போய் நின்றேன். "நீங்கள் பொய் சொல்கிறவர் இல்லை என்றீர்களே, மேடம்" என்று கேட்டுவைத்தேன்.

"நான் எங்கே பொய் சொன்னேன்? விரலைத்தானே சொடுக்கினேன்" என்றார். பிறகு என் வலது கையை எடுத்து, அந்தக் கடைசி இரண்டு விரல்களையும் லேசாக மடக்கிப் பார்த்தார். "டாக்டரிடம் காட்டினாயா?"

"ஏசியால்தான் மேடம்."

"ஆமாம். எனக்கும் ஏசியால்தான்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். அதற்கப்புறம் நாங்கள் இரண்டு வருஷம் சேர்ந்து வாசித்தோம். இறக்க வேண்டியதையெல்லாம் ஒத்திகையில் சத்தமாகச் சொல்லி, சண்டை போட்டு இறக்கினோம். தம்பி, கேட்டீர்களே, சொல்லிவிடுங்கள். ஆனால் சொல்லப் போகிற அன்றைக்கு, அவர் உங்களுக்காக எதையாவது சத்தமில்லாமல் செய்துகொண்டிருக்கிறாரா என்றும் ஒரு கண் பார்த்துக்கொள்ளுங்கள்.

அல் ஐன் கச்சேரியின் கடைசிப் பாட்டுக்கு முன் மேடம் ஒலிபெருக்கி முன்னால் வந்து நின்றார். தோட்டம் நிறைய ஆட்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"என் இடுப்பு போய்விட்டது" என்றார். தெரிந்தவர்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். "இரண்டு கணவர்களும் போய்விட்டார்கள். சுருதி மட்டும் போகவில்லை என்று ஆறு வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேன். அதுவும் போய்விட்டது, போன வாரம்தான் கண்டுபிடித்தேன்." சிரிப்பு அடங்கும்வரை நின்றார். "இப்போது என்னிடம் மிச்சமிருப்பது இந்தப் பியானோக்காரர் மட்டும்தான். அவர் விரல்களைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை."

கையைப் பியானோ மேல் வைத்தார். விரலைச் சொடுக்கினார். பட்டன் இல்லாத அந்தப் பியானோவில், இரண்டு கட்டை கீழே, அவர் கொடுத்த வேகத்தில் தொடங்கினேன். கடைசி வரி ஏறிப் போய், நிற்க வேண்டிய இடத்தில் நின்றது.